ஒரு வண்டி போதும்

மில் முதலாளி கண் கலங்கி நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறார். போன் எடுக்கும் பெண்ணோ நாற்காலியை விட்டு எழுந்திருக்கக்கூட இல்லை.

சூப்பர்வைசருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறைக்கு அவர் மாற்றலாகி வந்து ஒரு வாரம்தான் ஆகிறது. ஜன்னலைத் திறந்தால் ஷெட்டில் டயர் இறங்கி நிற்கிற வண்டிதான் கண்ணில் படும். டிரைவர் சம்பளத்துக்கும் டீசலுக்கும் பணமில்லை என்று அதை நிறுத்திவிட்டார்கள். இந்தப் பகுதி மொத்தத்துக்கும் இப்போது ஒரே வண்டி.

பெரிய சொத்துக்காரர்களுக்குக் கூடுதல் வரி போட்டு அதை மறுபடி ஓட்டலாம் என்று நகர மன்றத்தில் ஒரு தீர்மானம் இருக்கிறது. அதை நகரவிடாமல் பிடித்து வைத்திருப்பவரே இந்த மில் முதலாளிதான். “நாங்க கூப்பிடாத வண்டிக்கு நாங்க ஏன் காசு கட்டணும்?” என்று போகிற மேடையெல்லாம் கேட்டவர். கைதட்டலும் வாங்கியவர்.

அப்படிப்பட்டவர் வீட்டு நீச்சல் குளத்தில் இரண்டு வாரத்துக்கு முன்னால் பேத்தி விழுந்துவிட்டாள். தூக்கிப் போட்டபோது மூச்சு இல்லை. அவர் வழக்கமாகப் போகும் பெரிய ஆஸ்பத்திரி, வண்டி வெளியூர் போயிருக்கிறது என்று கையை விரித்துவிட்டது. வேறு வழியில்லாமல் இங்கே கூப்பிட்டார். போனை எடுத்தவள் இவள். குழந்தை பிழைத்துக்கொண்டது.

இன்று பேத்தியையும் கூட்டிக்கொண்டு நேரில் வந்திருக்கிறார்.

மனசு இளகி வருகிற மனுஷன். இப்போது கேட்டால் உண்டு, இல்லாவிட்டால் எப்போதும் இல்லை என்று சூப்பர்வைசர் கணக்குப் போட்டிருந்தார். அடுத்த வாரம் மன்றத்தில் ஒருவழியாக அந்தத் தீர்மானத்தின் மேல் ஓட்டெடுப்பு. “நான் சொன்னா பத்தோட பதினொண்ணு. குழந்தையைக் காப்பாத்தின நீ சொன்னாத்தான் எடுபடும்மா” என்று காலையிலேயே அவளுக்குப் பாடம் நடத்தியிருந்தார். அவள் தலையாட்டினாள். லீவு முடிந்து நேற்றுதான் வந்திருக்கிறாள். வீட்டில் ஏதோ துக்கம் என்று யாரோ சொன்னார்கள். விசாரிக்க வேண்டும் என்று நினைத்தார். முதலாளி வருகிறார் என்று அறையை ஒழுங்குபடுத்திய அமளியில் மறந்துபோனார்.

மில் பெயர் போட்ட சுவர்க் கடிகாரம் ஒன்றைப் பரிசாகக் கொண்டு வந்திருந்தார் முதலாளி. அந்த அறையில் ஏற்கெனவே இரண்டு ஓடிக்கொண்டிருந்தன. சூப்பர்வைசர் மூன்றாவதையும் பல்லெல்லாம் தெரிய வாங்கிக்கொண்டார்.

“போயிட்டாள்னுதான் நெனச்சேம்மா” என்றார் முதலாளி. குரல் உடைந்தது. அது நடிப்பில்லை. “நீ போன்ல சொல்லச் சொல்ல நெஞ்சை அமுக்கினேன். அமுக்கிட்டே இருக்கேன், வாசல்ல சைரன் கேக்குது.”

அவள் கம்ப்யூட்டர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. குழந்தை மட்டும் கிட்டே போய் அவள் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றது. அதன் தலையில் நழுவியிருந்த கிளிப்பைச் சரியாகக் குத்திவிட்டாள். அவ்வளவுதான்.

சூப்பர்வைசர் கண் ஜாடை காட்டினார். தொண்டையைச் செருமினார். கடைசியில் வாய் விட்டே கேட்டார். “சார்கிட்ட ஏதோ சொல்லணும்னியேம்மா?”

“ஒண்ணுமில்ல சார்.”

வேறு வழியில்லாமல் தானே ஆரம்பித்தார், ஒரு வண்டியை வைத்துக்கொண்டு படுகிற பாட்டை. முதலாளி முடிக்கவிடவில்லை. சூப்பர்வைசரின் தோளைத் தட்டினார்.

“ஒரே வண்டியை வெச்சுக்கிட்டே இந்த வேகத்துல வர்றீங்களே, அப்புறம் இன்னொண்ணு எதுக்கு? மன்றத்துல இதைத்தான் சொல்லப்போறேன். வேலை செய்யறவங்க மனசு வெச்சா ஒண்ணு போதும்.”

பாராட்டாகத்தான் சொன்னார். பேத்தியைத் தூக்கிக்கொண்டு காரில் ஏறிப் போய்விட்டார்.

கார் திரும்பும்வரை காத்திருந்துவிட்டு சூப்பர்வைசர் பொரிந்து தள்ளினார். கைக்கு எட்டியதைத் தட்டிவிட்டாளாம். இவ்வளவு தலைக்கனம் ஆகாதாம். இனி அந்த வண்டி ஷெட்டிலேயே மக்க வேண்டியதுதானாம்.

அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

“வண்டி எப்படி அவ்வளவு சீக்கிரம் போச்சுன்னு யாருமே கேக்கலையே சார்.”

“எப்படிப் போச்சு?”

“அது அந்தப் பக்கம்தான் போயிட்டிருந்துச்சு. நெஞ்சு வலின்னு கூப்பிட்ட வேற வீட்டுக்கு. குழந்தைக்கு மூச்சு இல்லைன்னதும் திருப்பிவிட்டேன். மூச்சு நின்னவங்களுக்குத்தானே முதல்ல.”

“சரி. அந்த நெஞ்சு வலி?”

“இன்னொரு வண்டி ஏது சார்? பொறுத்துக்கோங்க, வந்துடும்னு போன்ல சொல்லிட்டே இருந்தேன். வண்டி போறதுக்குள்ள போயிட்டார்.”

சூப்பர்வைசர் அவள் மேஜைக்கே வந்துவிட்டார். “இதைச் சொல்றதுக்கென்ன? இந்த ஒரு வார்த்தை போதுமே, அந்த ஆளு வாயடைச்சுப் போயிருப்பாரே. செத்தவங்க வீடு எதுன்னு சொல்லு, நானே போய் அவங்களை மன்றத்துக்குக் கூட்டிட்டு வர்றேன்.”

மேஜையில் போன் விளக்கு மினுக்கியது. அவள் ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

“அது எங்க அப்பா சார். அந்தக் குழந்தை என் நாற்காலியைப் பிடிச்சுக்கிட்டு நின்னுச்சு. அதை வெச்சுக்கிட்டு எப்படி சார் சொல்வேன்?”