ஒரு விரற்கடை

முதல் காரைப் பற்றிய பேச்சு வந்துவிட்டால், எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஆளாளுக்குத் தங்கள் மடத்தனத்தைத்தான் பெருமையாகச் சொல்வார்கள். ஒருவர் அம்பாசிடர் டிக்கிமேல் விமான இறக்கை மாதிரி ஒன்றைப் பொருத்தியிருந்தார். இன்னொருவர் பானெட் முழுக்கத் தீ வரைந்த பியட்டில் பெண் பார்க்கப் போயிருந்தார். சென்னியப்பன் அண்ணன் தன் மாருதியின் ஸ்பிரிங்குகளை அறுத்து, வண்டியைத் தரையோடு தாழ்த்தியிருந்தார்.

“ஸ்பீட் பிரேக்கர்ல வண்டி அடிவயிறு இடிக்குமுங்க. சம்சாரம் எறங்கிட்டா ஒரு விரக்கடை தூக்கிக்கும். நான் தாண்டி நிறுத்துவேன், அவ நடந்து வந்து ஏறிக்குவா. சந்தைக்குப் போறதுக்குள்ள ஒம்பது தடவை.”

விழுந்து விழுந்து சிரித்தோம். அவரும் சிரித்தார்.

“ஒருநா பஸ் ஸ்டாப்புக்கிட்ட எறங்குனா. தாண்டி நின்னு கண்ணாடியில பாக்குறேன், பஸ்ல ஏறிட்டிருக்கா. அதோட சரிங்க.”

“ஸ்பிரிங்க மாத்துனீங்களாண்ணா?” என்று கேட்டுவைத்தேன்.

“அன்னைக்கு சாயந்தரமே.”

திரும்பும்போது அவருடைய புது வண்டியில் வந்தேன். ஏணி வைத்து ஏறலாம், அவ்வளவு உயரம். முதல் வேகத்தடைக்கு முன்னால் நிறுத்தினார். நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கதவைத் திறந்து இறங்கினேன். வண்டி மெல்லத் தாண்டிப் போய் நின்றது. நான் நடந்து வந்து ஏறிக் கதவைச் சாத்தும்வரை அவர் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.