போல்ட்டும் எலுமிச்சம்பழமும்

குட்டி விமானத்தின் இடது காலில் ஒரு போல்ட் விரிசல் விட்டு மூன்று மாதம் ஆகிவிட்டது. ஆயுத பூஜையன்று மெக்கானிக் குனிந்ததும், இன்றைக்காவது பார்த்துவிடுவான் என்று கால் நம்பியது. அவன் காலுக்குப் பொட்டு வைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழத்தை வைத்துவிட்டு நிமிர்ந்துவிட்டான்.

"கவலைப்படாதீங்கண்ணே. உங்களுக்கு வர்ற கெடுதலை நான் வாங்கிக்கிறேன்" என்றது பழம்.

"சரிப்பா, போல்ட்டை மாத்துவியா?"

"அது நம்ம டிபார்ட்மென்ட் இல்லண்ணே."

சக்கரம் உருண்டதும் பழம் நசுங்கியது, பூஜைக்கு வந்திருந்தவர்கள் எல்லோரும் கைதட்டினார்கள். விமானம் ஒரு சுற்று பறந்துவிட்டு இறங்கியபோது கால் முறிந்து, இறக்கை தரையில் தேய்ந்தது. பைலட் நொண்டிக்கொண்டே வெளியே வந்தார்.

இரண்டாக உடைந்த போல்ட்டைத் தாண்டி மெக்கானிக் ஓடிவந்தான்.

"அப்பவே சொன்னேனே சார், பூசணிக்காய் வாங்கலாம்னு."