சார், ஒரு டவுட்டு

“சார், ஒரு டவுட்டு.”

மேனேஜருக்குச் சுரீரென்றது. கூட்டம் முடிகிற நேரம் பார்த்துத்தான் இந்த அம்மாவுக்கு டவுட்டு வரும்.

ஹோட்டல்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் துணி துவைத்துக் கொடுக்கிற பெரிய லாண்டரி அது. தினமும் மெஷின்களை ஓட விடுவதற்கு முன், மடிப்பு மேசையைச் சுற்றி எல்லாரையும் நிற்க வைத்து அன்றைய வேலையைச் சொல்வார் மேனேஜர். கடைசியில், “யாருக்காவது சந்தேகம் இருக்கா?” என்று கேட்பார். கேட்டு வைப்பது ஒரு மரியாதைக்குத்தான். அதை நிஜமென்று நம்பிவிடுகிற ஒரே ஆள் இந்த அம்மா. அங்கே எல்லாருக்கும் அக்கா.

“சொல்லுங்கம்மா.”

“துண்டு மடிக்கிறப்போ ஹோட்டல் பேரு மேல தெரியணுமா, உள்ள போகணுமா சார்?”

“ஏம்மா, இங்கேயே பழம் தின்னு கொட்டை போட்டவங்க நீங்க. இது கூடவா தெரியாது?”

“மறந்து போச்சு சார்.”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

“மேல தெரியணும். போதுமா?”

“இன்னொண்ணு சார். ஆஸ்பத்திரித் துணி பிரிக்கிறப்போ கிளவுஸ் கிழிஞ்சுட்டா, வேற கேக்கலாமா?”

“கேக்காம? கிழிஞ்சதையே மாட்டிக்கிட்டு நோயை வாங்கிக்கப் போறீங்களா?”

“அப்புறம், டிரையர் பக்கத்துல நிக்கிறவங்க நடுவுல போய்த் தண்ணி குடிச்சா...”

“தாராளமா குடிங்க! இதையெல்லாமா என்கிட்ட கேப்பாங்க?”

மேனேஜர் தலையில் அடித்துக்கொள்ளாத குறைதான். சரியான டியூப் லைட் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார்.

அந்த மாதம் பழைய சூப்பர்வைசர் ஓய்வு பெற்றார். அனுபவத்தைப் பார்த்தால் அந்த இடம் அக்காவுக்குத்தான் வர வேண்டும். மகளைக் காலேஜில் சேர்க்கிற வருஷம். கூடுதல் சம்பளம் கை கொடுக்கும் என்று அக்காவும் ஆசையாகக் காத்திருந்தார்.

வந்தது என்னவோ கண்ணாடிக்காரருக்கு. எல்லாரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். கூட்டத்தில் மனிதர் வாயே திறக்க மாட்டார். சொல்வதற்கெல்லாம் தலையை ஆட்டுவார். புரிந்தவன்தானே தலையாட்டுவான் என்பது மேனேஜரின் கணக்கு. அக்காவை, பின்வாசலில் வண்டிக்கு மூட்டை ஏற்றும் வேலைக்கு மாற்றினார். அங்கே இருப்பவர்களுக்குக் காலைக் கூட்டம் கிடையாது.

“ஏதாவது சொல்லணுமாம்மா?”

அக்கா வாயைத் திறந்தார். சுற்றி நின்றவர்களை ஒரு தரம் பார்த்தார். முகம் சுண்டிப்போயிருந்தது.

“ஒண்ணுமில்ல சார்.”

அதற்குப் பிறகு கூட்டங்கள் மளமளவென்று முடிந்தன. “சந்தேகம் இருக்கா?” என்றால் கப்சிப். அப்பாடா என்றிருந்தது மேனேஜருக்கு.

ஒருநாள் காலையில், “பழைய சோப்பு இனிமே வராது. இன்னிலேருந்து இந்த லிக்விட்தான். சந்தேகம் இருக்கா?” என்றார்.

கப்சிப். கண்ணாடிக்காரர் தலையாட்டினார்.

மத்தியானம் மெஷினைத் திறந்தால், ஹோட்டலின் நீலத் துண்டுகள் அத்தனையும் திட்டுத்திட்டாக வெளுத்துக் கிடந்தன. அந்த லிக்விட் வெள்ளைத் துணிக்கு மட்டும். கலர் துணிக்கு உண்டானது சாயங்காலம் வருவதாக இருந்தது. அதைச் சொல்ல மேனேஜர் மறந்துவிட்டார். ஹோட்டல்காரர் போனிலேயே அவரை வறுத்தெடுத்தார்.

எல்லாரையும் மறுபடி மேசையைச் சுற்றி நிற்க வைத்தார் மேனேஜர். கோபத்தைவிட அவருக்கு ஆச்சரியம்தான் அதிகம். அத்தனை பேருக்கும் ஒரே நாளில் எப்படி மூளை வேலை செய்யாமல் போகும்?

“நான் சொல்ல மறந்துட்டேன், ஒத்துக்கறேன். கலருக்கும் இதுதானான்னு உங்கள்ல ஒருத்தருக்குக் கூடவா தோணல?”

துணி பிரிக்கிற பெண் மெல்ல, “தோணிச்சு சார்” என்றாள்.

“எனக்கும்” என்றது ஒரு குரல்.

“எனக்குந்தான் சார்.”

“அப்புறம் ஏன் யாரும் கேக்கல?”

“கேக்கறதுக்கு அக்கா இல்லையே சார்” என்றாள் துணி பிரிக்கிற பெண்.

மேனேஜருக்குப் பிடிபடவில்லை. “அந்தம்மா எதுக்கு?”

“எங்களுக்கு ஏதாவது தெரியலைன்னா அக்கா காதுல போட்டுடுவோம் சார். அவங்க தனக்கே தெரியாத மாதிரி உங்ககிட்ட கேப்பாங்க. அன்னிக்குக் கிழிஞ்சது என் கிளவுஸ்தான்.”

“நீயே கேக்க வேண்டியதுதானே? நான் என்ன கடிச்சா தின்னுடுவேன்?”

“இது கூடவா தெரியாதுன்னு கேப்பீங்களே சார்...”

மேனேஜருக்கு ஆவல் விடவில்லை. “சரி, துண்டு மடிக்கிறது? அது யாரோட டவுட்டு?”

புது சூப்பர்வைசர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார்.

“என்னோடது சார்.”

மேனேஜர் விறுவிறுவென்று பின்வாசலுக்குப் போனார். அக்கா வண்டியில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்க்கவே மேனேஜருக்கு வெட்கமாக இருந்தது.

“ஏம்மா, அதெல்லாம் உங்க டவுட்டே இல்லைன்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? இந்நேரம் நீங்கதானே சூப்பர்வைசர்!”

அக்கா கையிலிருந்த மூட்டையைக் கீழே வைத்தார்.

“அப்போ யாரோடதுன்னு கேட்டிருப்பீங்களே சார்?”

“கேட்டிருப்பேன்தான்.”

“நானும் சொல்ல வேண்டி வந்திருக்கும். மறுநாள்லேருந்து அவங்க என்கிட்டயும் எதுவும் சொல்லியிருக்க மாட்டாங்க சார்.”