பேஸ்மென்ரில் ஒரு கப்பல் வழக்கு

“கப்பல் தாழவேயில்லை. அவன் கோர்ட்டில சத்தியம் பண்ணிச் சொன்னது முழுப் பொய்!”

ஹீற்றர் காற்று வரும் துவாரத்தில் காதை வைத்துப் படுத்திருந்த விநாயகமூர்த்திக்கு உடம்பெல்லாம் வியர்த்தது. கீழே பேஸ்மென்ரில் வாடகைக்கு இருக்கும் கஜனிதான் யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

“பதினொரு நாள் காத்தில்லாமல் நடுக்கடலில நிண்டது உண்மை. பிறகு கப்பலைத் திருப்பினது அவன்தான். கேட்டவுடன பழியைத் தூக்கி இன்னொருத்தன்ர தலையில போட்டிட்டுத் தப்பிட்டான். என்னட்டை ப்ரூஃப் இருக்கு. விடமாட்டன்.”

“என்னப்பா, காலமை வெள்ளன நிலத்தில கிடந்து என்ன செய்யிறியள்?” மனைவி மங்கையற்கரசி தேத்தண்ணியோடு வந்தாள்.

“மெல்லக் கதையும். கீழ இருக்கிறது மாணவி இல்லை. இமிகிரேஷன் அனுப்பின ஆள்.”

“உங்களுக்கு விசர். அது சரித்திரம் படிக்கிற பிள்ளை.”

“சரித்திரம் படிக்கிற பிள்ளைக்குக் கோர்ட்டுப் பேப்பர் என்னத்துக்கு? மேசை நிறையக் கிடக்குது. தகப்பன் எங்க எண்டு கேட்டா வாயைத் திறக்குதில்லை. எல்லாம் கள்ளம்.”

மங்கையற்கரசி தலையில் அடித்துக்கொண்டு குசினிக்குப் போய்விட்டாள். பாவம், அவளுக்கு என்ன தெரியும்?

பதினைந்து வருடங்களுக்கு முன் அவர் கனடாவுக்குக் கப்பலில் வந்தவர் என்பது இந்த அஜக்ஸ் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியும். நடுக்கடலில் இஞ்சின் பழுதாகி, ஓட்டி வந்தவர்கள் கைவிட்ட பிறகு, கடைசிப் பன்னிரண்டு நாளும் சுக்கானைப் பிடித்தது அவர்தான் என்பது கட்டின மனைவிக்கே தெரியாது. ஓட்டினவனை ஆள்கடத்தல்காரன் என்று தேடிய விசாரணையில், தான் வெறும் பயணி என்று சத்தியம் பண்ணியிருந்தார்.

அது வெளியே வந்தால் சிட்டிசன்ஷிப் போகும். வீடு போகும். மகள் அட்சயாவை விட்டுவிட்டுப் பிளேன் ஏற வேண்டியதுதான்.

கஜனி குடிவந்ததிலிருந்து மூன்று கிழமையாக அவருக்கு ஒழுங்கான நித்திரை இல்லை. இனித் தாங்காது என்று படியிறங்கிப் போய்க் கதவைத் தட்டினார்.

“பிள்ளை, நீர் ஆர் எண்டு எனக்குத் தெரியும்” என்றார், கஜனி கதவைத் திறந்த உடனேயே. “ஓம், ‘சீ ஓர்க்கிட்’ கப்பலின்ர சுக்கானை நான்தான் பிடிச்சனான். முந்நூறு சனம் சாகக் கிடந்தது, பிடிச்சன். இஞ்ச வந்தாப் பிறகு ஒஃபிசர் படங்களைப் பரப்பிவைச்சு, ஓட்டினது ஆர் எண்டு கேக்க, பயத்தில இன்னொருத்தற்ற படத்தைத் தொட்டிட்டன். உம்மைக் கும்பிட்டுக் கேக்கிறன், என்ர குடும்பத்தை மட்டும் விட்டிடும்.”

கஜனி விழித்தாள்.

“அங்கிள், நான் போனில கதைச்சது ஆயிரத்து அறுநூற்று எழுபத்திரண்டாம் ஆண்டு வழக்கு! ஒரு இங்கிலிஸ் வியாபாரி, அவன்ர பாய்க்கப்பல், லண்டன் கடல் கோர்ட். அதுதான் என்ர தீசிஸ். அவன் செத்தே முந்நூறு வருசத்துக்கு மேல.”

விநாயகமூர்த்திக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

“நான் ஒரு விசரன், பிள்ளை. ஆரோ வெள்ளைக்காரன்ர வழக்குக்கு நான் பயந்து செத்திருக்கிறன். சரி, நான் சொன்னதை மறந்திடும்.”

கஜனி சிரிக்கவில்லை. கதிரையில் மெல்ல உட்கார்ந்தாள்.

“‘சீ ஓர்க்கிட்’டை ஓட்டினதெண்டு ஒரே ஒருத்தரைத்தான் திருப்பி அனுப்பினவை. அவர் என்ர அப்பா, அங்கிள்.”