பதினொரு சதவீதம்

"பதினொண்ணுதான் காட்டுது" என்றார் மாப்பிள்ளை, கைபேசியைப் பார்த்தபடி.

"என்ன பதினொண்ணு?" என்றாள் மனைவி.

"சார்ஜ். நேத்து ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடியே சொருகிட்டு வந்தேன். எப்படின்னே தெரியலை."

"எனக்குத் தெரியும். எங்கம்மா ஊருக்குக் கிளம்புற அன்னிக்கு மட்டும் உங்க கரண்ட் வண்டிக்கு சார்ஜ் ஏறாது. உங்க அக்கா வந்தா நூறு."

மாமியார் கண்ணாடிக் கூட்டைப் பையில் வைத்துக்கொண்டிருந்தார். மாதம் ஒருமுறை கண் டாக்டரைப் பார்க்க மகள் வீட்டுக்கு வருவார்.

"விடுடி. மாப்பிள்ளை என்ன பண்ணுவார்? கரண்ட் என்ன, கூப்பிட்ட குரலுக்கு ஓடி வருமா?"

"போன மாசமும் இதேதாம்மா. கண்ணுக்கு மருந்து போட்டவங்களை பஸ்ல ஏத்தி அனுப்புறோம். பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க?"

மாப்பிள்ளை தலையைச் சொறிந்தார்.

"அத்தை, ஒரு ரெண்டு மணி நேரம் பொறுத்தீங்கன்னா முப்பது ஏறிடும். மிச்சத்தை வழியில சார்ஜிங் ஸ்டேஷன்ல போட்டுக்கலாம்."

"ஸ்டேஷனா?"

மாமியார் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். முட்டிவலிக்காரர் எழுந்த மாதிரியே இல்லை.

"பஸ் ஸ்டாப் வரைக்குமாவது நான் வரேன்" என்றார் மாப்பிள்ளை.

"வேண்டாம். உங்க வண்டிக்குத் துணையா இருங்க" என்று மனைவி கதவைச் சாத்தினாள்.

பஸ் ஸ்டாப்பில் அம்மாவும் மகளும் மட்டும்தான்.

"ரொம்பத் திட்டிட்டேடி. பாவம், முகமே சுருங்கிப்போச்சு."

"திட்டலேன்னா சந்தேகம் வந்துடும்மா."

"உண்மையைச் சொல்லிட்டா என்ன?"

"எதை? உங்க வண்டியில வர்றதுக்கு நடந்தே போயிடுவேன்னா? வாங்கின நாள்லேருந்து அதைப் பெத்த பிள்ளை மாதிரி ஊரெல்லாம் காட்டிட்டு வர்றார். மனசு விட்டுப்போயிடும்."

அம்மா பெருமூச்சு விட்டார்.

"பஸ் ரெண்டு மணி நேரத்துல கொண்டுபோய் விட்டுடும். அன்னிக்கு மாப்பிள்ளை வண்டியில அஞ்சரை மணி நேரம். ஏ.சி. போட்டா சார்ஜ் போயிடும்னு ஜன்னலைத் திறந்தார். ஜன்னலைத் திறந்தா காத்து வண்டியைப் பின்னால இழுக்கும்னு மூடினார். வெந்து போயிட்டேன்."

"ஸ்டேஷனைச் சொல்லு."

"மூணு மிஷின். ஒண்ணு ரிப்பேர். ஒண்ணுல வேற வண்டி, அந்த ஆள் சாப்பிடப் போயிருக்கார். மூணாவது, போன்ல ஏதோ ஆப்பை இறக்குன்னு சொல்லிச்சு. சிக்னல் இல்லை. மாப்பிள்ளை போனைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு அந்த இடம் பூரா ஓடினார். கூடவே ரெண்டு நாய்."

இருவரும் சிரித்து ஓய்வதற்குள் பஸ் வந்துவிட்டது.

"அடுத்த மாசம் பிளக்கை நான் பிடுங்கறேன்" என்றார் அம்மா, படியில் ஏறிக்கொண்டே. "நீ டார்ச் அடி. உனக்கு முதுகு வலிக்குது."

வீட்டில் மாப்பிள்ளை திரும்பவும் பிளக்கைச் சொருகிவிட்டு வந்து உட்கார்ந்தார். கைபேசியில், நேற்றிரவு 11.10க்கு வந்த செய்தி இன்னும் இருந்தது: 'சார்ஜிங் நின்றுவிட்டது.' மனைவி திரும்புவதற்குள் அதை அழித்தார்.

அந்தச் செய்தி வந்தபோதே எழுந்து பால்கனிக்குப் போனவர்தான். கீழே மாமியார் டார்ச் அடிக்க, மனைவி பிளக்கைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். தான் பார்த்தது தெரிந்தால் அத்தை கூச்சத்துக்காகவே மாதாமாதம் வண்டியில் ஏறி உட்கார்ந்துவிடுவார், பாவம். அம்மாவும் மகளும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மாடியேறி வருவதற்குள் ஓடிப்போய்ப் படுத்து, வாயைப் பிளந்து குறட்டை விட்டார்.