எல்லைக் கொடி

ஜதுர்சன் கொடியைக் கையில் வாங்கிச் சிரித்தபோது, தவராஜா அலங்கார ஊர்திக்கு அடியில் படுத்துக்கிடந்து சக்கரத்தின் நட்டை முறுக்கிக்கொண்டிருந்தார். நட்டு இறுகியதோ இல்லையோ, அவருடைய பல் இறுகியது.

“என்ன, சில்லைப் பாக்கிறியளோ, கொடியைப் பாக்கிறியளோ?” என்று மேலேயிருந்து கேட்டாள் மனைவி சயந்தினி. ஒட்டுப்பலகையில் செய்த பெரிய தையல் இயந்திரத்துக்குப் பக்கத்தில், பட்டுச்சேலைக்கு மேல் குளிர்ச்சட்டையோடு உட்கார்ந்திருந்தாள். அந்த டெனிஷ் ஊரின் தமிழ்ச் சனத்தின் ஊர்தி அது.

“முப்பது வருசமா இந்த ஊரில கிடக்கிறன். ஒருக்கா எண்டாலும் கொடி பிடிக்க என்னைக் கேட்டவங்களே? போன வருசம் பால் பண்ணைக்கு வந்த போலந்துப் பிள்ளை. அதுக்கு முதல் வருசம் புதுசா வந்த பாதிரியார். இப்ப தலைநகர்ப் பக்கம் அல்பர்ட்ஸ்லுண்டில இருந்து வந்து எட்டு மாசமாகாத இவன்.”

“என்னோட ஏன் சண்டை? கொடி குடுக்கிற ஸ்ரிபனிட்டக் கேளுங்கோ.”

கேட்க மானம் விடவில்லை. ஒவ்வொரு கோடையிலும் குதிரைகள் நகரத்தின் பழைய எல்லையைச் சுற்றிவரும். எல்லைக் கற்களில் முதல் குதிரைக்காரர் கொடியை ஊன்றுவார். அதுவரை ஊர்திகள் கடைத்தெருவில் காத்து நிற்கும்.

ஊர்தியை இழுக்கும் டிராக்டரைத் தவராஜாதான் ஓட்டுவார். அதனால் கல்லடியில் என்ன நடக்கிறதென்று அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. கொடி பிடிப்பது மரியாதை, டிராக்டர் ஓட்டுவது எடுபிடி வேலை என்பது அவருடைய கணக்கு.

ஜதுர்சன் கிட்ட வந்தான். “அண்ணை, எனக்குக் குதிரை பெரிசாப் பழக்கமில்லை. எனக்குத் தந்த குதிரை சாதுவோ?”

தவராஜா எழும்பிக் கையைத் துடைத்தார். “சாதுதான் தம்பி. என்ன, புது ஆள் ஏறினால் பின்னங்காலைத் தூக்கும். போன வருசம் அந்தப் பிள்ளைக்குத் தோள்மூட்டு விலகினது.”

அந்தக் குதிரை இதுவரை ஒரு ஈயைக்கூட உதைத்ததில்லை.

ஜதுர்சனின் முகம் வெளிறியது. நேரே விழாப் பொறுப்பாளர் ஸ்ரிபனிடம் போனான், கொடியை நீட்டி ஏதோ சொன்னான், நழுவிவிட்டான்.

“பொய் சொல்ல வெக்கமில்லையே உங்களுக்கு?” என்றாள் சயந்தினி.

அது காதில் விழாதவர்போலத் தவராஜா சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நடந்தார். துணி ஆலையில் பக்கத்து மெஷினில் நின்ற பழைய சிநேகிதன்தான் ஸ்ரிபன்.

“நான் பிடிக்கிறன்,” என்றார் டெனிஷில்.

ஸ்ரிபன் மறுத்துத் தலையாட்டினார். “உனக்குத் தர ஏலாது, தவா.”

முப்பது வருடமும் ஒன்றாகத் தொண்டைக்கு வந்தன. “நேற்று வந்தவனுக்குக் குடுப்பாய், எனக்குத் தரமாட்டியோ?”

ஸ்ரிபன் விளங்காமல் பார்த்தார். “நேற்று வந்தபடியால்தானே அவனைக் கேட்டது. கொடி பிடிக்கிற ஆள் கல்லடியில நிண்டு, இதுதான் சரியான எல்லை எண்டு சத்தியம் பண்ண வேணும். பக்கத்து ஊர்க்காரர் அதை நம்ப வேணுமெல்லோ?”

“ஏன், நான் சொன்னால் நம்பமாட்டினமோ?”

ஸ்ரிபன் அவர் தோளில் கை வைத்தார்.

“உன்ர ஊருக்கு நீயே எப்பிடிச் சாட்சி சொல்லுவாய்?”