தின்னாத மீன்

கப்புவாஸ் ஆறு காலை வெயிலில் சேற்றுக் கஞ்சியாக நகர்கிறது. மிதவை வீட்டின் விளிம்பில் கணவனின் சட்டைகளைக் கும்மிக்கொண்டிருக்கும் சரிபாவின் காலருகே, ஆளுயரத் தாப்பா மீன் ஒன்று மல்லாந்து ஒதுங்குகிறது. செவுளெல்லாம் சேறு, டீசல் நாற்றம். வாய் மட்டும் இன்னும் திறந்து மூடுகிறது. "காலால தள்ளி விடுடி, குமட்டுது" என்கிறான் அவள் கணவன் ஜுனைதி, மேலாற்றில் தங்கத்துக்காக மணல் உறிஞ்சும் பம்பு ஓட்டிவிட்டு நேற்று வந்தவன். "உங்க பூட்டனோட படகு ஓட்டையைத் தன் வயித்தால அடைச்சு அவரைக் காப்பாத்தின மீனு. தின்னா தோல் வெடிக்கும்னு உங்க வம்சமே தொடாது. உங்க பம்பு சேத்தை ஊட்டிக் கொன்னா மட்டும் பாவமில்லையாக்கும்?" என்கிறாள் சரிபா. "நான் திங்கலையே" என்றபடி அவன் அதே தண்ணீரை அள்ளி வாய் கொப்பளிக்கிறான். சரிபா ஆற்றில் காறித் துப்புகிறாள். அவ்வளவு பெரிய ஆற்றில் அந்த எச்சில் ஒன்றுதான் வெள்ளையாக மிதந்து போகிறது.